திருமணப் படலத்தின் கடைசி வசனம்

1

ஊரிலிருந்து இதனை வாசிக்கும் அன்பர்கள் நலமாயிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, இலண்டன் மாநகரின் ஒரு புறத்தெருவில், மகளுடைய வீட்டு முன்னறையில், காஸ் ஹீற்றருக்கு முன்னால் முழங்கால்களை நீட்டியபடி எழுதுகின்றேன். கார்த்திகை மாதம். பிற்பகல் நான்கு மணிக்கே இங்கு பொழுது பட்டுவிடுகின்றது. சென்ற சனிக்கிழமை நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை எழுதிவைக்காவிட்டால் மனம் ஆறாது என்று தோன்றுகின்றது. எழுதினாலும் ஆறாது என்பதை இப்பொழுதே உணர்கின்றேன்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கரவெட்டியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பின்னர் புகையிலைத் தோட்டமும், மாலையில் கோயில் மண்டபத்துப் புராணபடிப்புமே எனக்குப் பள்ளிக்கூடங்கள். எங்கள் பகுதிக் கோயில்களிலே ஒருவர் புராணத்துப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதன் பொருளைக் கேட்போருக்கு விளங்க எடுத்துரைப்பார். இவரைப் பயன் சொல்பவர் என்போம். தூணோரத்தில் இருந்து கேட்டுக் கேட்டே பாடமாக்கிய நான், காலப்போக்கில் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டேன். மனைவி இறந்து, மகள் என்னை இங்கு அழைக்கும்வரை அவ்விடத்தை விட்டு எழவில்லை.

இந்நாட்டுக் குடிவரவுக் கந்தோரில், ஊரிலே என்ன தொழில் செய்தீர் என்று கேட்டார்கள். பயன் சொன்னேன் என்பதை மகள் ஆங்கிலத்தில் எடுத்துக் கூறினாள். குருக்களா என்றார் உத்தியோகத்தர். இல்லை. ஆசிரியரா என்றார். அதுவுமில்லை. அவர் சற்று யோசித்துவிட்டுக் கமக்காரன், அதாவது உழவன், என்று எழுதிக்கொண்டார். அதிலும் பிழையில்லை.

2

என் மகள் புவனேஸ்வரி இங்கு ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸாக இருக்கின்றாள். முதியோர் வாட்டிலே வேலை. நாற்பது வயதைக் கடந்துவிட்டாள். விவாகமாகவில்லை. இக்கடைசிச் சொல்லை எழுதும்போது பேனா சற்றுத் தயங்குகின்றது. ஆயினும் இதனை மறைத்தால் நான் கூறவந்தது ஒருவருக்கும் விளங்காது.

இங்குள்ள நம்மவர் சிலர் சேர்ந்து, ஒரு கிறிஸ்தவ தேவாலயத்தின் பின்மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் புராணபடிப்பு நடத்தி வருகின்றார்கள். கணக்காளராகிய தர்மலிங்கம் வாசிப்பார். நான் பயன் சொல்வேன். ஊரிலே பல மாதங்கள் நாள்தோறும் நடப்பதை இங்கே சனிக்கிழமைகளுக்குள் சுருக்கிவிட்டோம். ஆனால் திருமணப் படலத்தை மட்டும் எவரும் சுருக்க விடமாட்டார்கள்.

அப்படலத்தின் வழக்கத்தை அறியாதவருக்குச் சொல்கின்றேன். ஆறுமுகப் பெருமானின் திருமணத்தை வாசிக்கும் அன்று, விவாகமாகாத ஒரு பெண்பிள்ளை மஞ்சள் கயிறும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டைச் சுவாமிக்கு முன்னாலிருந்து ஏந்தி வந்து, புராணம் வைத்த பலகையருகே பிடித்துக்கொண்டு இருப்பாள். படித்து முடித்ததும் பயன் சொல்பவர், ‘இதனைச் சிரத்தையோடு கேட்டோர் இல்லத்திலே ஓராண்டுக்குள் மங்கலம் நிகழும்’ என்று நூற்பயனை எடுத்துச் சொல்வார். சொன்னபின் ஒரு சுமங்கலி அந்தக் கயிற்றை எடுத்துத் தட்டேந்திய பிள்ளையின் கையிலே கட்டுவாள். நூற்பயன் சொல்லாவிட்டால் படிப்பு முற்றாது என்பது முறை.

படிப்புக்கு முதல்நாள் தர்மலிங்கத்தின் மனைவி மலர் தொலைபேசியில் அழைத்தாள்.

“ஐயா, எங்கடை மகள் சுபா மாட்டன் எண்டு நிக்கிறாள். சனிக்கிழமையிலை சப்பாத்துக் கடையிலை வேலைக்குப் போறாளாம். தட்டுப் பிடிக்கிறதுக்கு லீவு கேக்க வெக்கமாம்.”

“வேறை பிள்ளையள் இல்லையோ மலர்?”

“ஆர் ஐயா இருக்கினம்? பெட்டையள் ஒண்டும் வராதுகள். வந்தாலும் சீலை உடுக்காதுகள். நான் கேக்கிறதைப் பிழையா எடுக்காதேங்கோ... எங்கடை ஆக்களுக்கை கலியாணமாகாத பிள்ளை எண்டால் புவனமக்காதானே.”

மகள் அருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

“நான் எடுக்கிறன் மலர். பூ வாங்கீட்டீரோ, இல்லாட்டி நான் வாங்கிக்கொண்டு வரட்டோ?” என்றாள்.

பின்னர் சமையலறைக்குச் சென்று சிறிது நேரம் பாத்திரங்களைக் கழுவினாள். நீரை நிறுத்திவிட்டு, திரும்பிப் பாராமலே சொன்னாள்:

“ஐயா, நீங்கள் எனக்கு ஒண்டு செய்யவேணும்.”

“சொல்லு பிள்ளை.”

“கடைசியிலை ஒண்டு சொல்லுவியளெல்லே, கேட்டோர் இல்லத்திலே ஓராண்டுக்குள் எண்டு. இந்தமுறை அதை விட்டிடுங்கோ.”

“அது நூற்பயன் பிள்ளை.”

“தெரியும் ஐயா. பதினாறு வயசிலையிருந்து கேக்கிறன். தட்டு எடுக்கிறது எனக்குப் பெரிய காரியமில்லை. அந்தத் தட்டோடை இருந்துகொண்டு உங்கடை வாயாலை அதைக் கேக்கத்தான் ஏலாமல் கிடக்கு.”

அவள் என்னிடம் எதனையும் கேட்பவளல்லள். விட்டுவிடுகின்றேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

3

அன்றிரவு படுக்கையில் என் மனம் ஊர்க் கோயில் மண்டபத்தையே சுற்றியது.

பயன் சொல்வதென்றால் பதம் பிரித்துப் பொருள் கூறுவது மட்டுமன்று. தேவரும் அசுரரும் பட்டது, கேட்டுக்கொண்டிருப்பவனுடைய தோட்டத்திலும் அடுக்களையிலும் இன்றும் நடக்கின்றது என்று காட்டுவதே பயன் சொல்பவன் கடமை. அப்படித்தான் நானும் கருதியிருந்தேன். ஒருமுறை வேலிச் சண்டையால் முகம் பாராதிருந்த தமையனும் தம்பியும் மண்டபத்தின் இரு கரையிலும் இருந்தார்கள். அசுரனுக்கு அவன் தம்பி புத்தி சொன்ன இடத்தை அவர்களுக்காகவே நீட்டிச் சொன்னேன். தமையன் கண்ணீர் விட்டான். தம்பி எழுந்துபோய் அவன் காலைத் தொட்டான். மண்டபமே நெகிழ்ந்தது. அடுத்த மழைக்கு முன்பு வேலி மறுபடியும் ஒரு முழம் நகர்ந்திருந்தது.

அசுரனின் ஆட்சியிலே தேவர்கள் மீன் சுமந்து வருந்தினார்கள் என்று வருகின்ற இடத்தில், கரையூரிலிருந்து வந்து வெளிவாசலில் நின்று கேட்ட ஒருவர் எழுப்பிய கேள்வி இன்னும் என்னுடன் இருக்கின்றது.

“ஐயா, மீன் சுமக்கிறது தேவருக்குத் தண்டனை எண்டால், நாங்கள் என்ன குற்றத்துக்குச் சுமக்கிறம்?”

உள்ளிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தொழிலில் இழிவில்லை, அடிமைப்பட்டுச் செய்வதே இழிவு என்று விடை கூறினேன். “அப்ப சரி, உள்ளுக்கு வந்திருந்து கேக்கலாமோ?” என்றார் அவர். அதற்கு விடை சொல்லும் அதிகாரம் என்னிடமில்லை. அதிகாரம் உள்ளவர்கள் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அவர் வரவில்லை.

ஐம்பத்தாறாம் ஆண்டு, சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் அம்மொழியிற் சோதனை எழுதவேண்டுமென்று ஆயிற்று. உடுப்பிட்டியைச் சேர்ந்த குணரத்தினம் என்னும் பிள்ளை அப்போது கொழும்பிலே கிளாக்கர். அவருக்கும் புவனத்துக்கும் பேச்சு முற்றாகி, நாள் பார்க்கும் கட்டத்தில் இருந்தது. விடுமுறையில் வந்த அவர் ஒருநாள் மண்டபத்திலே, விளையாட்டுப் போல என்னைக் கேட்டார்:

“மாமா, அசுரன்ரை ஆட்சியிலை தேவர்கள் அசுரற்றை பாஷையிலை சோதனை எழுதினவையோ?”

“தம்பி, அவை மீன்தான் சுமந்தவை. உம்மடை பாடு அதிலும் மோசம்!” என்றார் எனக்காகப் புராணம் வாசிக்கும் கந்தையா அண்ணை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண்கள் பக்கத்திலே இருந்த புவனமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்ததை நான் கடைசியாகக் கண்டது அன்றைக்கென்றே நினைக்கின்றேன்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் குணரத்தினம் உடுத்த உடையோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். திரும்பிப் போனவர் சோதனை எழுத மறுத்தார். சம்பள உயர்வு நின்றது. பின்னர் வேலையும் நின்றது. இதற்கெல்லாம் காரணம் எதுவென்று நாடே அறியும். அவருடைய தாயார் மட்டும் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“பெட்டையின்ரை குறிப்பிலை எட்டிலை செவ்வாய். பேச்சுக்கால் தொடங்கினவுடனையே என்ரை பிள்ளையின்ரை உத்தியோகத்தைத் திண்டிட்டுது. கழுத்திலை தாலி ஏறினால் ஆளையும் திண்டுவிடும்.”

ஒரு சட்டத்தின் பாவம் என் மகளுடைய சாதகத்தின் மேல் எழுதப்பட்டது. குணரத்தினம் தாயின் சொல்லுக்கு மேல் பேசவில்லை. கதை வடமராட்சி முழுவதும் பரவியது. அதன்பின் அனுப்பிய குறிப்புகள் ஒவ்வொன்றும் பொருத்தமில்லை என்ற ஒரே விடையோடு திரும்பி வந்தன.

செவ்வாய்க்கு அதிபதி யார்? எந்தப் பெருமானின் திருமணத்தைக் கேட்டால் வீட்டில் மங்கலம் நிகழும் என்கின்றோமோ, அவரே. அவருடைய கல்யாணத்தைக் கேட்டு உருகிவிட்டு, அவருடைய கிரகம் இருக்கின்றதென்று ஒரு பெண்ணைத் தள்ளலாமா? அடுத்த ஆண்டு திருமணப் படலத்தன்று இதனையே விரித்துரைத்தேன். கேட்டிருந்த ஆண்கள் தலையசைத்தார்கள். பெண்கள் கண்களைத் துடைத்தார்கள். படிப்பு முடிந்ததும், பெண்ணெடுக்கும் வயதில் மகனை வைத்திருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார்.

“வடிவாச் சொன்னீர். ஆனா ஒண்டு. புராணம் கோயிலுக்கை, குறிப்பு வீட்டுக்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்.”

வேதாகமங்களும் புராணங்களும் மனிதருடைய அன்றாடத் துன்பத்துக்கு மருந்தாகுமா என்று இங்குள்ள இளைஞர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. நான் கண்டதைச் சொல்கின்றேன். மருந்து மெய்யானதே. அதனை மண்டபத்தில் வைத்துப் பார்த்து வணங்கிவிட்டு, வீட்டில் பழைய நோயோடே வாழ்வதற்கு நாம் பழகியிருக்கின்றோம். தேவர்களுக்குச் சிறைமீட்சி யுகங்கள் கடந்து வந்தது; அவர்களிடம் யுகங்கள் இருந்தன. ஒரு பெண்ணின் வயதில் அப்படி எடுத்துவைத்த காலம் எதுவுமில்லை.

புவனம் அதன்பின்னும் பல ஆண்டுகள் தட்டேந்தினாள். வேறு பிள்ளைகள் இருந்தும், “என்ரை பிள்ளைக்குத்தான் அது வேணும்” என்று என் மனைவி கெஞ்சி வாங்கிக் கொடுப்பாள். கட்டிய கயிறுகளைக் கழற்றித் தையற்பெட்டியில் பத்திரப்படுத்துவாள். புவனம் நேர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்து இந்நாட்டுக்குப் புறப்பட்டபோது, அப்பெட்டியையும் தாய் அவளுடைய பயணப்பெட்டிக்குள் வைத்து அனுப்பினாள்.

4

சனிக்கிழமை மண்டபத்துக்கு நேரத்தோடு சென்றோம். மண்டபத்துள் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்பது தேவாலயத்தார் விதித்த நிபந்தனை. ஆகவே கற்பூரத்தை வெளியே, குப்பைத் தொட்டிகளின் அருகே, காற்றுக்கு மறைப்பாகத் தர்மலிங்கத்தின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏற்றினோம். பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் இருந்து ஆங்கிலத்தில் குசுகுசுத்தார்கள். சுபா வரவில்லை.

புவனம் அரக்குநிறச் சேலை உடுத்திருந்தாள். தட்டை ஏந்தி வந்து பலகையருகே இருந்தாள். அவள் காதருகே நரைத்திருந்ததை, நாள்தோறும் காண்கின்ற நான், அந்தத் தட்டுக்கு மேலே அன்றுதான் கண்டேன். மலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மலிங்கம் வாசித்தார். நான் பொருள் சொன்னேன். ஊரிலே நெடுநேரம் செல்லும் வர்ணனைகளைப் பிள்ளைகளுக்காகக் குறைத்தேன். திருமாங்கல்யதாரணம் ஆயிற்று. தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். பாட்டு முடிந்தது. நான் புராணத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “சுபம்” என்றேன். புவனத்தின் தோள்கள் சற்றுத் தளர்ந்ததைக் கண்டேன்.

“ஐயா, பொறுங்கோ.”

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். அவரை அதற்கு முன் கண்டதில்லை. குளிருக்கு ஆண்பிள்ளைகளின் காலுறை அணிந்து, அதன்மேல் சேலை உடுத்திருந்தார்.

“பயன் சொல்லேல்லையே ஐயா?”

“ஓம், விட்டுட்டியள் ஐயா,” என்றார் தர்மலிங்கம்.

“ஐயாவுக்கும் வயசு போட்டுது,” என்று பின்னால் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

“மண்டபத்தை ஒப்படைக்கிற நேரமாச்சுது. கேட்டால் போதும் அம்மா, பயன் தானே வரும்,” என்றேன்.

அந்த அம்மையார் உட்காரவில்லை.

“நான் புத்தூர் ஐயா. மகனிட்டை வந்து ஒரு மாதமாகேல்லை. அவன் உங்கை தூரத்திலை இருக்கிறான். உந்த ஒரு வசனத்துக்காகத்தான் ரெண்டு ரெயில் மாறி, பாஷையும் தெரியாமல், கடதாசியிலை எழுதினதைக் காட்டிக் காட்டி வந்தனான். ஊரிலை என்ரை பெட்டை நிக்கிறாள். முப்பத்தொண்டு முடியுது. ஏழிலை செவ்வாய். ‘அம்மா, என்ரை பேரிலை கேட்டுக்கொண்டு வாங்கோ’ எண்டு சொல்லித்தான் விட்டவள். பயன் சொல்லேல்லை எண்டு அவளுக்கு எப்பிடி எழுதுவன் ஐயா?”

நான் மகளைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுத்த வாக்கு ஒருபுறம். கடல் கடந்து வந்து நிற்கும் ஒரு தாய் மறுபுறம். இப்படியொரு நெருக்கடியில் நிற்பவன் என்ன செய்யவேண்டுமென்று நான் வாழ்நாள் முழுவதும் பிறருக்கு எடுத்துச் சொன்னவன். அன்று எனக்கென்று ஒரு பாட்டும் நினைவுக்கு வரவில்லை.

புவனம் தலையை நிமிர்த்தினாள்.

“சொல்லுங்கோ ஐயா,” என்றாள். “அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா.”

நான் புராணத்தை மறுபடியும் திறந்தேன். திறக்கவேண்டிய தேவை இல்லை. அந்த வசனம் எனக்குப் பாடம். ஆயினும் பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ‘இதனைச் சிரத்தையோடு கேட்டோர் இல்லத்திலே ஓராண்டுக்குள் மங்கலம் நிகழும்’ என்று, ஊரிலே சொல்லும் அதே குரலிற் சொன்னேன். குரல் பிசகவில்லை. அதுவே எனக்குப் பெரிய வருத்தம். சபையார் அரோகரா என்றார்கள். தட்டை ஏந்தியிருந்த என் மகளும் சொன்னாள்.

மலர் மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். புவனம் கையை நீட்டவில்லை.

“இதை அம்மாவிட்டைக் குடும் மலர். அவவின்ரை மகளுக்கு அனுப்பட்டும்.”

“ஐயோ, வேண்டாம் பிள்ளை,” என்று பதறினார் அந்த அம்மையார். “உது தட்டெடுத்த பிள்ளைக்கு உரிய சாமான். நான் வாங்கினால் உனக்கு வாறது தடைப்படும்.”

“எனக்கு வீட்டிலை கனக்கக் கிடக்கு அம்மா,” என்றாள் புவனம்.

இதிலிருந்த பொருள் அந்த அம்மையாருக்கு விளங்கியதோ நான் அறியேன். கயிற்றை இரு கைகளாலும் வாங்கி, கைலேஞ்சியில் முடிந்து நெஞ்சுக்குள் வைத்தார். பிறகு புவனத்தின் கன்னத்தைத் தடவினார்.

“உனக்கும் கூடிவரும் மோனை. இருந்து பார்.”

“ஓம் அம்மா,” என்றாள் என் மகள். வாட்டிலே படுத்திருக்கும் வெள்ளைக்கார முதியவர்கள், நாளைக்கு வீடு போய்விடுவேனா என்று கேட்கும்போது அவள் விடை சொல்லும் குரல் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பொங்கல் பரிமாறினார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் காகிதத் தட்டுகளில் சிறிது தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போனார்கள். மண்டபக் காவலர் கதவைப் பூட்டுவதற்குத் திறப்புக் கோவையை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த அம்மையாரைப் புவனம் ரெயில் நிலையம் வரை அழைத்துச் சென்று, எந்தப் பெட்டியில் ஏறவேண்டும், எங்கே மாறவேண்டும் என்று சொல்லி ஏற்றிவிட்டாள். நான் நிலையத்து வாசலில் காத்துநின்றேன்.

5

பஸ்ஸின் கீழ்த்தட்டில் இடம் கிடைத்தது. புவனம் யன்னலோரம் இருந்தாள். தட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் இட்டு மடியில் வைத்திருந்தாள். கண்ணாடியில் மழைத்துளிகள் வழிந்துகொண்டிருந்தன. சப்பாத்துக் கடைகள் ஒளியோடு கடந்து போயின. அவற்றுள் ஒன்றில் சுபா நின்றிருக்கலாம்.

அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன். மறுமை, வினைப்பயன், இறைவன் திருவுளம் என்று சொற்கள் என்னிடம் ஏராளம். அவள் இறங்கவேண்டிய இடத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை,” என்றேன். “நான் சொன்னது சரியோ?”

அவள் என் கழுத்துச் சால்வை நழுவியிருந்ததைச் சரிசெய்தாள்.

“அந்த மனுசி வருசத்துக்கு வருசம் வருவா ஐயா,” என்றாள். “அப்பவும் நீங்கள் சொல்லத்தான் வேணும்.”